தடையில்லாத மாதங்கள்

இதை எழுதட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். உப்பளத்திலிருந்து வந்து பின்பக்கம் கால் கழுவிக்கொண்டிருந்தாள். "எழுதிக்கோ. பேரு மட்டும் போடாத. ஊருல நான் தலைகாட்டணும் இல்ல," என்றாள். அதனால் இதில் யாருக்கும் பேர் கிடையாது, ஊருக்கும் கிடையாது. மரக்காணத்துக்கும் அனுமந்தைக்கும் நடுவில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. புதுச்சேரியில் கல்லூரி. ஐயாயிரம் மீட்டர் ஓடுவேன். அப்பாவுக்கு ஆரோவில் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வாட்ச்மேன் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டுக்கு வருவார். அம்மா உப்பளத்தில் உப்பு வாரிக் கூடையில் சுமந்து கரையில் கொட்டுகிறவள். அந்த உப்புப் பாத்திகளுக்கு நடுவே போகிற பெரிய கரைதான் எனக்கு மைதானம். காலையில் ஒரு ஓட்டம், சாயங்காலம் ஒரு ஓட்டம். மாநில அணியில் இடம் பிடித்தால் விளையாட்டுக் கோட்டாவில் அரசாங்க வேலை கிடைக்கும், அம்மா கூடையை இறக்கி வைத்துவிடலாம். எங்கள் வீட்டில் கனவு என்று ஒன்று இருந்தால் அது அவ்வளவுதான். அதற்கான தேர்வு ஓட்டம் ஆனி மாதம் சென்னையில் நடக்க இருந்தது.

அந்தக் கரைக்குப் போக வேண்டுமென்றால் திரௌபதி அம்மன் கோயில் தெரு வழியாகத்தான் போக வேண்டும். வேறு வழி கிடையாது. மாதவிலக்கு வந்தால் மூன்று நாளைக்கு அந்தத் தெருவில் நான் கால் வைக்கக் கூடாது. பின்கட்டுக் கதவோரம் தனிப் பாய், தனித் தட்டு, தனிச் சொம்பு. தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குள் வரலாம். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "வூட்டுக்குத் தூரமா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரிப்பாள். மாதாமாதம் மூன்று நாள் பயிற்சி போய்விடும். பாயில் உட்கார்ந்துகொண்டு, மற்ற பெண்கள் எல்லாம் இந்நேரம் ஓடிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்து நினைத்து அழுவேன். அந்த மூன்று நாளும் என்னை யாராலும் சகிக்க முடியாது.

அப்புறம் அது நின்று போனது. ஒரு மாதம் தள்ளியது, அடுத்த மாதம் ஒரு நாள் மட்டும் தலைகாட்டியது, பிறகு இல்லவே இல்லை. கல்லூரியில் ஒரு சீனியர் அக்காவிடம் சொன்னேன். அவள் என் தோளைத் தட்டி, "எனக்கும் இப்படித்தான் ஆச்சு. ட்ரெய்னிங் கரெக்டா போவுதுன்னு அர்த்தம். என்ஜாய் பண்ணு," என்றாள். பயிற்சி கொடுக்கிற மாஸ்டரிடம் இதையெல்லாம் பேச முடியுமா? அவருக்குத் தெரிந்தது என் கன்னம் ஒட்டிக்கொண்டே போவதும், டைம் குறைந்துகொண்டே வருவதும்தான். மற்ற பெண்களை நிறுத்தி வைத்து என்னைக் காட்டி, "ஓடுறவ உடம்புன்னா இதுதான் உடம்பு," என்பார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு கரண்டி குறையும்.

நான் எப்படிச் சாப்பிடாமல் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டவுனில் இருக்கிற பெண்கள் டயட் என்று சொல்வார்கள். எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னால் செருப்பு பறக்கும். நான் விரதம் என்று சொன்னேன். செவ்வாய்க்கிழமை முருகனுக்கு, வெள்ளிக்கிழமை அம்மனுக்கு, சனிக்கிழமை பெருமாளுக்கு. வாரத்தில் மூன்று நாள் ஒரு வேளைச் சாப்பாடு. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்காததோடு, தெருவில் மற்ற பிள்ளைகளுக்கு என்னை உதாரணம் வேறு காட்டினார்கள்.

தூரப் பாயை நான் விரிப்பதில்லை என்பதை அம்மா கவனிக்க நாளாகவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் என்னை ஏற இறங்கப் பார்க்க ஆரம்பித்தாள், என் போனை எடுத்து நோண்டினாள், கல்லூரி பஸ்ஸில் யார் யார் வருகிறார்கள் என்று சும்மா விசாரிப்பது போல விசாரித்தாள். ஒருநாள் வேலைக்குப் போகாமல் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினாள். மரக்காணத்தில் மெடிக்கல் ஷாப் இல்லையா என்ன? இருக்கிறது, அங்கே அவளைத் தெரியும், அதுதான் விஷயம். திரும்பி வந்தபோது முந்தானையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். என்னை பாத்ரூமுக்குள் தள்ளி, வாசலிலேயே காவலுக்கு நின்றாள்.

ஒரு கோடுதான் விழுந்தது. அதை வெளிச்சத்தில் காட்டிக் காட்டிப் பார்த்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "சந்தோஷமா இப்ப?" என்று கத்தினேன். அவள் எழுந்து போய் நண்டு வாங்கி வந்து குழம்பு வைத்தாள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. நான் தொடவில்லை.

பிள்ளை உண்டாகவில்லை என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் ஏன் வரவில்லை என்ற அடுத்த கேள்வி யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். சந்தேகம் தீர்ந்த நிம்மதியில் அம்மாவின் மனசு அப்படியே எதிர்ப்பக்கம் சாய்ந்தது. பங்குனி போய்ச் சித்திரை பிறந்தது. சித்திரையில் எங்கள் ஊரில் தீமிதி. எங்கள் ஊரில் பெண்களும் தீயில் இறங்குவார்கள். காப்புக் கட்டியதிலிருந்து தீ மிதிக்கிற வெள்ளிக்கிழமை வரை ஒரு நாள்கூடத் தூரமாகக் கூடாது. வயசுப் பெண்கள் அதற்கென்று மாத்திரை போட்டுத் தள்ளிப் போடுவார்கள், இல்லாவிட்டால் நமக்கெதற்கு வம்பு என்று விட்டுவிடுவார்கள். என் அம்மாவுக்கு எல்லாம் ஒரே நாளில் விளங்கிவிட்டது.

"மாத்திரை இல்லாமலே ஆத்தா தள்ளி வெச்சிருக்கிறா பாரு. உன்னக் கூப்பிடுறாடீ," என்றாள். அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது. நான் தீ மிதித்தால் மாநில அணியில் இடம் கிடைக்கும் என்று அம்மனிடம் அவளே பேசி முடித்துவிட்டாள்.

எனக்கு அதை மறுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் பெருமையாகத்தான் இருந்தது. கோயிலில் என் கையில் மஞ்சள் கயிறு கட்டியபோது பெண்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். "தடையே இல்லாத பொண்ணு," என்று ஒருத்தி சொன்னாள். அம்மாவும் என்னோடு சேர்ந்து விரதம் இருந்தாள், காப்பு மட்டும் கட்டவில்லை. மீன் இல்லை, முட்டை இல்லை, ஒரு பொழுதுச் சாப்பாடு. அம்மா அந்த ஒரு பொழுதில் வயிறு நிறையச் சாப்பிட்டாள். நான் அதிலும் பாதியை மீதி வைத்தேன். ஓட்டம் மட்டும் குறையவில்லை. தேர்வு நெருங்குகிறது என்று மாஸ்டர் இன்னும் கூட்டினார்.

வலி தொடை இடுக்கில் ஆரம்பித்தது. முதலில் ஓடி முடித்த பிறகு வந்தது, பிறகு ஓடும்போதே வந்தது. சுளுக்கு என்று அம்மா நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். அம்மன் சோதிக்கிறாள் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். ஒருநாள் காலையில் கல்லூரி பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்குகிறேன், கால் வரவில்லை. கையால் பேண்ட்டைப் பிடித்துத் தூக்கிப் படியில் வைத்தேன். பின்னால் நின்ற கிளீனர், "இன்னாம்மா, வயசாயிடுச்சா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் சில்லென்று ஒரு பயம் இறங்கியது. அதுவரை எனக்கு வராத பயம் அது.

கல்லூரியில்தான் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அம்மாவும் கூட வந்தாள். பஸ் கீழ்புத்துப்பட்டு ஊரைத் தாண்டுகிற வரைக்கும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் உயிர் போய் வந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. டாக்டரம்மாவுக்கு இல்லை. அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டு எழுதிக்கொண்டு, "பீரியட்ஸ் கடைசியா எப்ப வந்துச்சு?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். கழுத்தை நிமிர்த்தி, நான் மெடல் வாங்கினால் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். "தீவாளிக்கு அப்புறம் வரவே இல்லீங்க டாக்டரம்மா. மாத்திர கீத்திர எதுவும் போடல. காப்புக்குத் தடையே இல்லாம ஆத்தா காப்பாத்திட்டா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "உக்காருங்கம்மா," என்றார். அம்மா உட்கார்ந்தாள். அதன்பிறகு அவர் சொன்னதை எல்லாம் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். நெய்யும் ஊற்றாமல் திரியும் போடாமல் விளக்கு எரியாது, அதுபோல உள்ளே போகிறது கொஞ்சம், செலவாகிறது அதிகம் என்றால் உடம்பு ஒவ்வொரு வேலையாக நிறுத்தும், பெண்ணுக்கு முதலில் நிறுத்துவது இதைத்தான். இது நின்றால் எலும்புக்குப் போகிற காவலும் நின்றுவிடும். இந்த வயதில் எலும்பு சேர்த்து வைக்க வேண்டும், உங்கள் பெண் இருப்பதையே கரைத்துக்கொண்டிருக்கிறாள். இவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு பெரிய ஸ்கேன் எடுத்தார்கள். தொடை எலும்பு இடுப்பில் போய்ச் சேருகிற இடத்தில், அதைக் கழுத்து என்பார்களாம், மெல்லிசாக ஒரு விரிசல். எலும்பின் கெட்டியை அளந்து பார்த்ததில் அதுவும் என் வயதுக்கு இருக்க வேண்டியதைவிட ரொம்பக் கீழே இருந்தது. "இந்தக் காலை ஊனக் கூடாது. ஊனினா விரிசல் முழுசா ஒடையலாம். ஒடைஞ்சா ஸ்க்ரூ வெக்கணும். அப்பவும் பழைய மாதிரி நடப்பியான்னு என்னால உறுதி சொல்ல முடியாது," என்றார் டாக்டரம்மா. ஓடுவதைப் பற்றி அவர் பேசவே இல்லை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை தீமிதி. நான் அதைச் சொன்னேன். அவர் என் கையிலிருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்துவிட்டு, கால் நெருப்பில் படுவதைப் பற்றிக் கவலையில்லை, அதில் நீ ஓடுவாய் இல்லையா, அதுதான் கவலை என்றார்.

இரண்டு கைத்தடிகளோடு ஷேர் ஆட்டோவில் வந்தோம். தேர்வு ஓட்டம் போய்விட்டது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அதற்கு மேல், காப்புக் கட்டினவள் இறங்காவிட்டால் என்ன ஆகும் என்பது வேறு. ஊருக்கே ஆகாது என்பார்கள். அந்த வருஷம் மழை பொய்த்தாலும், உப்பு கரைந்தாலும், கடலில் படகு கவிழ்ந்தாலும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். கட்டின காப்பைச் சும்மா அவிழ்க்க முடியாது.

பூசாரி வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷர், என் கால் மேல் அவருக்கும் இரக்கம் இருந்தது. "மெதுவா நடந்து போனாக்கூடப் போதும்மா, ரெண்டு பேரு கையப் புடிச்சிக்கிட்டு வருவாங்க," என்றார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே, "அவ எறங்க மாட்டா. நான் எறங்குறேன். நானும் வெரதம் இருந்திருக்கிறேன். பெத்தவ எறங்கக் கூடாதா?" என்றாள். அவர் யோசித்தார், பெரியவர்களைக் கேட்டார், ஒரே ரத்தம்தானே என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். வியாழக்கிழமை என் கையிலிருந்த கயிற்றை அவிழ்த்து அம்மா கையில் கட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. உயிர் தப்பியது போலவும் இருந்தது, என் இடத்தில் வேறு யாரோ ஓடுவது போலவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம். கோயில் பக்கம் கட்டை அடுக்கிக் கொளுத்தியிருந்தார்கள், புகை எங்கள் வீடு வரை வந்தது. நான் கட்டிலில் கிடந்தேன். அம்மா மஞ்சள் புடவை கட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று பின்கட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வந்துடுச்சுடீ," என்றாள்.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து உட்காரப் பார்த்தேன், அவள் என் தோளை அழுத்திப் படுக்க வைத்தாள். என் அம்மா யார் தெரியுமா? தூரமான நாட்களில் ஊறுகாய் ஜாடி இருக்கிற பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். தெரியாமல் விளக்கைத் தொட்டுவிட்டேன் என்று ஒருமுறை என் முதுகில் ஒன்று வைத்தவள்.

"வேணாம்மா. சொல்லிடு. எறங்காத," என்றேன்.

"சொன்னா யாரு எறங்குவா? நேரா இங்கதான் வருவாங்க. கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போயிடுவாங்க உன்ன."

"நெருப்பும்மா அது."

அவள் கொஞ்ச நேரம் அந்த மஞ்சள் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "உனக்கு வராதது அவ குடுத்ததுன்னு ஊரெல்லாம் சொன்னேன். டாக்டரம்மாகிட்டயும் சொன்னேன். அப்ப எனக்கு வந்ததும் அவ குடுத்ததுதானே? அவகிட்டயே கேட்டுக்கிறேன்," என்றாள். எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு போனாள். போகும்போது சாமி விளக்குப் பக்கம் ஒதுங்காமல் சுவரோரமாகப் போனாள். அவளுக்கு நெருப்பைப் பார்த்துப் பயமில்லை. எதைப் பார்த்துப் பயம் என்று எனக்குத் தெரியும்.

நான் அதைப் பார்க்கவில்லை. பறை மட்டும் கேட்டது, அப்புறம் கோவிந்தா, கோவிந்தா என்ற கூச்சல். அவள் வீட்டுக்குத் திரும்புகிற வரைக்கும் நான் எந்த சாமியையும் கும்பிடவில்லை, அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நடந்தே வந்தாள், சிரித்துக்கொண்டே வந்தாள், கூட வந்த பெண்கள் கலைந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் சரிந்தாள். இடது பாதத்தில் இரண்டு கொப்புளம், பெரிசு.

கொப்புளம் வந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். சுத்தமில்லாமல் இறங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். சுத்தமாக இறங்கினவர்களுக்கும் வருஷாவருஷம் கொப்புளம் வரத்தான் செய்கிறது, அவர்களும் மறைக்கத்தான் செய்கிறார்கள் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு அந்த யோசனை எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை.

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். தீ மிதித்தவள் வீட்டில் படுத்தால் சந்தேகம் வரும். காலில் துணி சுற்றினாலும் சந்தேகம் வரும். அதனால் வெறுங்காலோடு உப்புத் தண்ணீரில் இறங்கி, நாள் முழுக்க உப்பு வாரிச் சுமந்துவிட்டு வந்தாள். சாயங்காலம் அந்தப் பாதத்தை என் கட்டிலின் மேல் தூக்கி வைக்கச் சொல்லி, நான் படுத்தபடியே மருந்து போட்டேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "நீ கால ஊனாம இரு. அது போதும்," என்றாள். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. மாஸ்டர் மேல், சீனியர் அக்கா மேல், என்னைத் தடையே இல்லாதவள் என்று மெச்சின ஊர்மேல் எல்லாம் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

ஆனி மாதம் வந்தது, போனது. சென்னையில் ஓட்டம் நடந்தது. நான் கைத்தடியோடு வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். விரதம் எல்லாவற்றையும் விட்டேன். அம்மாவே மூன்று வேளையும் பக்கத்தில் உட்கார்ந்து, மீனும் முட்டையும் கேழ்வரகுக் கூழுமாகத் தட்டைக் காலி பண்ணுகிற வரைக்கும் எழ மாட்டாள். முதலில் ஒவ்வொரு கவளமும் தொண்டையில் நின்றது. உடம்பு பூசினாற்போல் ஆனதும் கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்காமல் திருப்பி வைத்தேன். விரிசல் ஒட்டிக்கொண்டது, மனசு ஒட்ட அதைவிட நாளானது.

மழை பிடித்து உப்பளம் மூடின சமயத்தில் எனக்கு வந்தது. அம்மாவிடம் சொன்னேன். பழக்கத்தில் பின்கட்டில் இருந்த பாயை எடுக்கப் போனேன். அவள் அதைப் பிடுங்கி மூலையில் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். வயசுக்கு வந்த பெண்ணுக்கு இடுப்பெலும்பு பலப்பட வேண்டும் என்று போடுகிற உளுந்தங்களி, நல்லெண்ணெய் குழி நிறைய ஊற்றி. நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பாய் எங்கள் வீட்டில் விரிக்கப்படவில்லை, பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டும் இன்னும் விஷயம் தெரியாது.

இப்போது புதுச்சேரியில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கிறேன். பந்தயம் இல்லை. சும்மா ஓடுகிறேன், டாக்டரம்மா அனுமதித்த அளவுக்கு. எலும்பின் கெட்டி கூடியிருக்கிறது, ஆனால் அந்த வயதில் சேர்க்காமல் விட்டது முழுசாகத் திரும்பாது என்று அவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் நான் இறங்குவதில்லை.

போன வாரம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அம்மாவுக்கு ஒரு வருஷமாக வரவில்லை. வயதாகிவிட்டது, நின்றுவிட்டது. உப்பளத்தில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, "இனிமே உனக்குத் தடையே இல்லக்கா, வருஷாவருஷம் எறங்கலாம்," என்று கொண்டாடினார்களாம். இவளும் சிரித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தபோது நான் ஓடப் போவதற்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரொம்பச் சின்னக் குரலில், "எனக்கு நின்னு போச்சுடீ," என்றாள். இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்திருந்தாள்.

நான் ஷூவைக் கழற்றினேன். "டாக்டரம்மாகிட்டப் போவோம். ஆனா இந்தத் தடவ நான் பேசுறேன், நீ பெருமையா எதுவும் ஆரம்பிக்காத," என்று சீண்டினேன்.

அம்மா சிரிக்கவில்லை.

"உப்புக் கூடைய நான் தூக்கலாமான்னு மட்டும் கேளு," என்றாள்.